வேலையாள் படி

ஜட்ஜ் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டைக்கு நான்தான் கஞ்சி போடுவேன். புழுங்கலரிசிக் கஞ்சி போட்டால் கொஞ்சம் பழுப்புத் தட்டும். பச்சரிசி வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பட்டையை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும். அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு அவர்கள் கோர்ட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் கோர்ட்டுக்குள் போனதில்லை.

அவர் அந்தக் கோர்ட்டில் மசால்ச்சியாக இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் விளக்குப் பிடிக்கிற ஆளுக்கு வைத்த பெயராம். என் வீட்டுக்காரர் பிடித்தது துடைப்பமும் சாவிக்கொத்தும்தான். வலங்கைமானிலிருந்து பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடுகிற ஊர் அது. ஜட்ஜ் குடியிருக்கிற பங்களாவுக்குப் பின்னால், வேலையாள் தங்க ஓர் அறை கட்டியிருந்தார்கள். கல்யாணமாகி நான் வந்தது அந்த அறைக்குத்தான். ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால். மேட்டூரில் தண்ணீர் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த ஜன்னலுக்கு ஈரக்காற்று வந்துவிடும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. காமாலையில் அவர் போனபோது, காரியம் முடிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். அப்போதிருந்த ஜட்ஜ் ஐயா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அந்தம்மா இருக்கட்டும்" என்று யாரிடமோ சொன்னார். அந்த ஒரு "இருக்கட்டும்"தான் எனக்கு ஆர்டர். கோர்ட்டுச் சில்லறைச் செலவில் தினக்கூலி எழுதி, மாதம் ஒரு தடவை வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கோர்ட்டு ஆபீசைக் கட்டி மேய்க்கிறவர் சிரஸ்தார். அந்த நாற்காலிக்கு யார் வந்தாலும், "உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதியிருக்கும்மா" என்பார்கள். நான் தலையாட்டுவேன்.

எனக்குப் பேச வராது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் கேட்கிற கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து சொல்ல முடியாமல் அடி வாங்கியவள் நான். பெரியவளான பிறகும் அது மாறவில்லை. எத்தனையோ ஜட்ஜுகள் வந்து போனார்கள். ஒருவருக்குக் காபியில் சர்க்கரை ஆகாது. ஒருவர் வீட்டில் நாய்க்குத் தனி உலை. ஒருவருடைய மாமியார் குழம்பில் ஒரு மிளகாய் கூடினால் அழுதுவிடுவார். எல்லோரிடமும் நான் பேசியது "சரிங்கய்யா", "சரிங்கம்மா" இரண்டும்தான். அந்த அறையில் இருந்து அங்கேயே கண்ணை மூடிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமும் இருந்ததில்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது ஒரு ஜட்ஜம்மாவிடம். அவர்கள் வீட்டுக்காரர் சென்னையில் வேலையாக இருந்தார். பள்ளிக்கூடம் போகிற பெண் மட்டும் கூட. ஜட்ஜம்மா அதிகம் பேச மாட்டார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அப்போதுதான் ஜட்ஜுகளுக்குச் சம்பளம் ஏறியது என்று பேச்சு வந்தது. மளிகைக்கடைக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஆயா, உங்க ஜட்ஜம்மாவுக்கு அரியர்சே மூட்டையா வருதாமே? இனிமே கடன் கணக்கு எழுத வேண்டாம் போலருக்கு."

"தெரியாதுங்க" என்றேன்.

"ஆமா, ஒங்களுக்கு எதுதான் தெரிஞ்சுது. அங்க ஏறினா இங்க கொஞ்சமாவது சிந்தாதா? கேட்டு வாங்குங்க."

கேட்பதாவது. ஜட்ஜம்மா போனில் வீட்டுக்காரரோடு பேசுவது அடுப்படிக்குக் கேட்கும். "என்கூடப் படிச்சவ வக்கீலா இருந்துகிட்டு ஒரு கேசுல வாங்கறது எனக்கு ஒரு மாசச் சம்பளம். ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியல. யார் வந்து நின்னாலும் கேஸ்காரனோன்னு பார்க்க வேண்டியிருக்கு. அரியர்ஸ் வந்தா ஃப்ளாட் லோனுக்குத்தான் சரியா இருக்கும்" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரல் தழுதழுத்தது. பொய்யாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில் இருந்த சிரஸ்தார் ஐயா நல்ல தமிழில் பேச வேண்டும் என்று வைராக்கியம் உள்ளவர். சைக்கிளை மிதிவண்டி என்பார். ஆட்டோவைத் தானி என்பார். ஆபீசில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். ஒருநாள் காலையில் கோப்புக் கட்டைக் கொடுக்க வந்தவர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு செய்தி. நீதிபதிகளுக்கு வீட்டு வேலையாள் படின்னு புதுசா அனுமதிச்சுட்டாங்க. அதனால அடுத்த மாசத்துலேருந்து ஆபீசுல உங்களுக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. எல்லாம் அம்மாவே பார்த்துப்பாங்க. புரியுதா?"

"சரிங்கய்யா" என்றேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சம்பளத்தில் வந்ததையெல்லாம் டி.ஏ., எச்.ஆர்.ஏ. என்று இங்கிலீஷ் எழுத்தில்தான் சொல்வார். படி என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த படி, களத்தில் நெல் அளக்கிற படி. எங்கள் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கூலியாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது அந்தப் படிதான். ஆக, வவுச்சரை நிறுத்திவிட்டு இனி வேலையாளுக்கு அரிசியாக அளக்கப்போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. காசு என்றால் நின்று போகும், ஆள் மாறினால் மாறும். அளந்து போடுகிற வீட்டில் ஆளை அனுப்ப மாட்டார்கள். அப்படித்தான் நான் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் அவளுக்கு ஒரு கூரைவீடு. நடவு இருந்தால் நடவு, இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. என்னைப் போல இல்லை, அவள் வாய் ஓயாது.

"எந்தப் படிக்கா? பெரிய படியா, சின்னப் படியா?"

"கேக்கலடி."

"ஒரு நாளைக்கு எத்தனை படின்னு?"

"அதுவும் கேக்கல."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? கவர்மெண்டு அரிசின்னா புழுத்துல்ல இருக்கும்! நல்ல பொன்னியா போடுங்கன்னு கேக்க வேண்டாமா? அம்மாவுக்குப் பண்ணைக் காரியக்காரரு எப்படி அளப்பாரு, ஞாபகமிருக்கா? கட்டை வெரலைப் படிக்குள்ள வுட்டுக்கிட்டு. குவிஞ்ச தலையைத் தட்டி வேற வுடுவாரு. அம்மா ஒண்ணும் சொல்லாது. நீயும் அதே ரகம்."

"ஜட்ஜம்மா வெரலை வுட மாட்டாங்க."

"ஆமாமா. சட்டம் படிச்ச வெரலு."

சொல்லிவிட்டுச் சிரித்தாலும், என்னோடு கடைத்தெருவுக்கு வந்து மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொடுத்தாள். எலி போகாத மூடியா என்று கடைக்காரரிடம் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

மாதம் பிறந்தது. ஆபீசிலிருந்து வவுச்சர் வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் டிரைவர் ஒரு சிப்பம் அரிசியை அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனார். நான் என் அறைக்குப் போய், வாளியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றேன். ஜட்ஜம்மா சாப்பாட்டு மேசையில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன ஆயா?"

"படிங்கம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"படி…"

அந்தப் பெண் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியது. "நான் படிச்சுகிட்டுத்தான் இருக்கேன் ஆயா! நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"வேலையாள் படிங்கம்மா. சிரஸ்தார் ஐயா சொன்னாங்க" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஜட்ஜம்மா வாளியைப் பார்த்தார்கள். அரிசிச் சிப்பத்தைப் பார்த்தார்கள். பெண் சிரிக்கப் போனது, அதன் கையைப் பிடித்து அமர்த்தினார்கள். பிறகு எழுந்து அடுப்படிக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க ஆயா" என்றார்கள். அந்த அடுப்படியில் அதுவரை என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அது அரிசி இல்ல ஆயா, பணம். வீட்டுக்கு ஆள் வச்சுக்கச் சொல்லி எங்க சம்பளத்தோட சேர்த்துக் குடுக்கறாங்க. அதுலேருந்து உங்களுக்கு நான் குடுப்பேன். ஆபீசுல குடுத்ததுக்கு மேலயே குடுப்பேன்."

"சரிங்கம்மா."

"ஆனா ஒண்ணு. இனிமே நீங்க கோர்ட்டு ஆளு இல்ல. என் வீட்டு ஆளு. நான் இங்க இருக்கற வரைக்கும்."

"சரிங்கம்மா."

சிப்பத்தைப் பிரித்து அவர்கள் கையாலேயே வாளி நிறைய அள்ளிப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடக்கும்போது, பிச்சைக்கு நின்றது மாதிரி உடம்பு கூசியது.

மறுநாள் துணி துவைக்கும்போதுதான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது. நான் இருக்கிற வரைக்கும். முன்பு ஒருவர் போனாலும் ஒருவர் வந்தாலும் நான் இருந்தேன், கோர்ட்டு இருந்ததால். இனி ஒருவர் போனால் நானும் போக வேண்டும். நிரந்தரத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்ன பெயர் எந்த அலமாரியில் கிடக்கிறதோ, அதற்கும் வேலை இல்லை.

தங்கையிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ரிட்டயர் ஆனாலும் அவங்களுக்கு அந்தப் பணம் உண்டாமே? எங்க மேஸ்திரி சொன்னாரு. வேலைக்காரி வச்சுக்க அவங்களுக்குச் சாவுற வரைக்கும் படி. வேலைக்காரி சாவுற வரைக்கும் என்ன பண்ணுவாளாம்?" என்றாள்.

"என்னைக் கேட்டா?"

"வேற யாரைக் கேக்கறது? ஜட்ஜு வீட்டுல இருக்கறவ நீதானே."

ஜட்ஜம்மா சொன்ன சொல் தவறாமல் கொடுத்தார்கள். ஒரு மாதமும் தள்ளிப் போகவில்லை. கூலி கூடத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூடப் பரிட்சை முடிகிற மாதம் வந்தாலே, கோப்புக் கட்டு கொண்டுவருகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் மாற்றல் வரும். ஒரு வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் வந்துவிட்டது.

சாமான் கட்டுகிறவர்கள் வந்து அட்டைப்பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டைகளை எல்லாம் துவைத்துக் கஞ்சி போட்டு, மடித்து, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜட்ஜம்மா அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"புதுசா வர்றவர்கிட்ட நான் சொல்லிப் பார்க்கலாம் ஆயா. ஆனா முன்ன மாதிரி இல்ல. அவர் பணம், அவர் வைக்கற ஆளு. நான் சொன்னா அவருக்குத் தர்மசங்கடம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

இந்த அறை வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். சாமான் கட்டுகிறவர்களும் டிரைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் வேணாங்கம்மா" என்றேன்.

ஒரு புடவையும் கவரில் பணமும் கொடுத்தார்கள். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டது. கார் போன பிறகு காலியான வீட்டைக் கழுவிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, பழக்கம்.

வெள்ளையடிக்க ஆள் வந்தபோது சிரஸ்தார் ஐயாவும் வந்தார். கொல்லைப்பக்கம் வந்து வாய்க்காலைப் பார்த்தபடியே பேசினார்.

"புது நீதிபதி ஐயா அவங்க ஊர்லேருந்து கணவன் மனைவியா ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றாங்க. அறை அவங்களுக்கு வேணும். நான் என்னம்மா செய்ய முடியும்? முன்னெல்லாம் சில்லறைச் செலவுல தள்ளிவிடுவோம். இப்ப தணிக்கையில பிடிச்சுடுவாங்க. படி குடுக்கறப்போ ஆள் எதுக்குன்னு கேப்பாங்க."

"சரிங்கய்யா."

அவர் போகவில்லை. "அன்னிக்கு நான் பணம்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார். அவருக்கும் அந்த வாளி விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரே தானி ஒன்று பிடித்துக் கொடுத்து, வாடகையும் கொடுத்தார். என் சாமான் எல்லாம் அதில் அடங்கிவிட்டது. அரிசி வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கை வீட்டில் போய் இறங்கினேன். அவள் விடுவதாக இல்லை. "அவ்ளோ பெரிய பங்களாவுல மூணாவது ஆளுக்கு வேலை இருக்காதா? நேராப் போய்ச் சொல்லு. 'ஐயா, இங்கதான் இருந்தேன், இங்கேயே இருக்கேன். அறை வேணாம், வெறகுக் கொட்டாயி போதும்.' அவ்ளோதான். சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"என்கிட்ட சொல்றப்போ நல்லாத்தான் வருது. கண்ணை மூடிகிட்டு என்னை நெனச்சுகிட்டுச் சொல்லிடு."

வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியிருந்த நேரம். அவள் சேற்றிலிருந்து ஏறி வந்து சோறு தின்கிறபோதெல்லாம் என்னைச் சொல்ல வைப்பாள். வரப்பில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களும், "இன்னும் கொஞ்சம் சத்தமா, ஜட்ஜுக்குக் காது கேக்கணும்ல" என்று சேர்ந்துகொண்டார்கள். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

புது ஐயா வருகிற நாளன்று ஜட்ஜம்மா கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடி ஓரமாக நின்றேன். கார் வந்து நின்றது. ஐயா இறங்கினார். நல்ல களையான முகம். பின்னால் ஒரு வேனில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சாமானோடு இறங்கினார்கள். ஐயா என்னைப் பார்த்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"என்னம்மா, கேஸ் விஷயமா?" என்றார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் கேட்டார். "வீட்டுக்கெல்லாம் வரக் கூடாதும்மா. எதுவானாலும் கோர்ட்டுக்கு வாங்க."

"சரிங்கய்யா" என்றேன்.

அந்தக் கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் கொண்டி விழும். தூக்கித் தள்ளிச் சாத்திவிட்டு வந்தேன்.

தங்கை அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியா? பேசினியா?"

"பாத்தேன்."

"என்னக்கா சொன்னாரு?"

"கோர்ட்டுக்கு வாங்கன்னாரு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "பாரு! நான் சொன்னேன்ல? வாயைத் தொறந்தா நடக்கும்னு சொன்னேன்ல? கோர்ட்டுலயே போடப் போறாரு போலருக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், புடவையை அவிழ்த்துக் கொடு, திங்கட்கிழமைக்குத் துவைத்துப் போடுகிறேன் என்று அடுப்பில் கஞ்சி வடிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை போனேன். கோர்ட்டு வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கேஸ்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். டவாலிச் சேவகர் வெளியே வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். என்னைப் பார்த்து, "என்ன ஆயா, யாரையாவது பார்க்கணுமா?" என்றார். "இல்லப்பா, சும்மா" என்றேன். இடைவேளையில் ஐயா தாழ்வாரத்தில் போவது தெரிந்தது. எல்லோரோடும் நானும் எழுந்து நின்றேன். பட்டை வெள்ளையாக, விறைப்பாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் கஞ்சியே வேண்டாதபடி கடையில் விற்கிறதாம்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன்.

"என்னக்கா ஆச்சு?"

"வாய்தா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"வேலைக்குமா வாய்தா?"

"கோர்ட்டுல எல்லாத்துக்கும் வாய்தாதான்."

"என்னிக்குப் போட்டிருக்காங்க?"

"அடுத்த திங்கக்கெழமை."

வாளியில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, ஒரு வாரம்தானே" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளே என்னை எழுப்பிவிட்டாள். தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். புடவை மொடமொடவென்று இருந்தது. கட்டிக்கொண்டு போனேன்.